மேசையில் உட்கார வைக்காமல் தொடங்கும் ஓ.டி. சென்டர்: ஒரு அம்மாவின் ரிவ்யூ

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நல்ல ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) தேடி அலையும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகனுக்கு ஆறு வயது, பேச்சு கொஞ்சம்தான், இங்கே சேர்த்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. தாராளமாகச் சேர்க்கலாம். இங்கே பிள்ளையை வழிக்குக் கொண்டுவருவது என்கிற பேச்சே இல்லை, பிள்ளை எந்த வழியில் போகிறான் என்று பார்த்து தெரபிஸ்ட் அந்த வழியில் போகிறார். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

முதல் நாள் அவனை எதுவும் செய்யச் சொல்லவில்லை. கேள்வியெல்லாம் எங்களிடம்தான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துவானா, நகம் வெட்ட விடுவானா, சாப்பாட்டில் எந்தப் பதம் ஆகாது, கட்டிலில் இருந்து குதித்துக்கொண்டே இருப்பானா, எதைக் கொடுத்தால் தன்னை மறந்து உட்காருவான். கடைசிக் கேள்விக்கு நான் பஸ் நம்பர் என்று சொன்னேன். சென்னை மாநகரப் பேருந்துகளின் எண் பலகை என்றால் அவனுக்கு உயிர்.

அடுத்த செஷனிலேயே அந்த அறை பஸ் ரூட் ஆகிவிட்டது. உருளை மாதிரி தொங்கும் போல்ஸ்டர் ஊஞ்சல்தான் பஸ், ஒரு பக்கம் பெரம்பூர் என்று அட்டை, இன்னொரு பக்கம் பெசன்ட் நகர், ஊஞ்சலின் மேல் 29சி. அவன் டிரைவர். ஏறி உட்கார்ந்து, விழாமல் பிடித்து, ஆடிக்கொண்டே ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கயிற்றில் மாட்டியிருக்கும் டிக்கெட்டை எடுக்க வேண்டும். டிக்கெட்டில் இருப்பது துணி காயப்போடும் கிளிப், அதை அமுக்கித் திறக்க விரல் பலம் வேண்டும். லக்கேஜ் ஏற்ற வேண்டும் என்று மணல் மூட்டை வைத்த கூடையைத் தெரபிஸ்ட் தள்ளச் சொல்வார், தசைக்கும் மூட்டுக்கும் நல்ல அழுத்தம் கிடைக்கும், அதற்கப்புறம் அவன் கொஞ்சம் நிதானமாகிவிடுவான். கண்டக்டர் விசில் மட்டும் கிடையாது, சத்தம் அவனுக்கு ஆகாது என்பதை ஞாபகம் வைத்து ஊஞ்சலை இரண்டு தட்டுத் தட்டுவார். பேலன்ஸ், விரல் பிடி, முறை வரும்வரை பொறுத்திருப்பது எல்லாம் அந்த ஒரு விளையாட்டுக்குள் வந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் கிளிப் கொஞ்சம் இறுக்கமாகும், டிக்கெட் கொஞ்சம் தள்ளிப் போகும், ஆனால் அவன் கைவிட்டுவிடும் அளவுக்குப் போகாது. ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி. நிபுணர் வகுத்த புலன் ஒருங்கிணைப்பு முறையின் (சத்தம், தொடுதல், அசைவு போன்ற உணர்வுகளைச் சரியாகக் கையாளப் பழக்குவது) அடிப்படையே இதுதானாம்: பிள்ளை விரும்பி இறங்க வேண்டும், எட்டினால் கிடைக்கும் தூரத்தில் சவால் இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘போதும்’ அட்டை. அவன் அதை எடுத்து நீட்டினால் ஊஞ்சல் அந்த நொடியே நிற்கும், ‘இன்னும் ஒரு தடவை டா கண்ணா’ என்ற கெஞ்சல்கூட இருக்காது. ஆரம்பத்தில் சும்மா சும்மா நீட்டிக்கொண்டிருந்தான், அவரும் ஒவ்வொரு முறையும் நிறுத்தினார், நிறுத்துவார் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் ‘இன்னும்’ அட்டையை அவன் தொட்டான். பேச்சு அதிகம் இல்லாத குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லும் வழி இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இங்கேதான் கண்ணால் பார்த்தேன். தூங்காமல் வரும் நாளில் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, லைட்டைக் குறைத்து, இழுபடும் லைக்ரா துணித் தொட்டிலில் அவனைப் படுக்கவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். ‘இன்னைக்கு இவ்ளோதான் முடியும்மா, பரவால்ல’ என்பார். கையை ஆட்டினால் தடுப்பதில்லை, கண்ணைப் பார் என்று முகத்தைத் திருப்புவதில்லை.

இதற்கு முன் போன இடத்தில் நேர் எதிர். போனதும் மேசை, ஓட்டைகளில் குச்சி செருகும் பெக் போர்டு, பின்னால் இருந்து கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, அழுதால் சிப்ஸ். கேட்டால் ‘போகப் போகப் பழகிடுவான்’. பிறகு அந்தத் தெரு திரும்பினாலே அழ ஆரம்பித்தான், நிறுத்திவிட்டோம்.

ஊஞ்சலைப் பார்த்து மட்டும் சென்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிரிட்டனில் 138 குழந்தைகளை வைத்துச் செய்து 2022-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிட இந்தப் புலன் ஒருங்கிணைப்பு சிகிச்சையால் குழந்தைகளின் எரிச்சல், பதற்றம் கூடுதலாகக் குறையவில்லை. ஆட்டிசமே போய்விடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இங்கே அப்படி எந்த வாக்குறுதியும் இல்லை, பல் தேய்ப்பது, பட்டன் போடுவது, முடிவெட்டும் இடத்தில் உட்காருவது என்று வீட்டு வாழ்க்கையில் இருந்துதான் இலக்கு எழுதுகிறார்கள். இப்போது யூனிஃபார்ம் பட்டனைக் கீழிருந்து அவனே போட்டுக்கொண்டு வருகிறான், காலர் பட்டன் மட்டும் நாங்கள்.

குறைகளும் இருக்கின்றன. காத்திருக்கும் இடம் மோசம்: குறுகலான ஹால், அதில் ஓயாமல் டிவி. சத்தம் தாங்காத பிள்ளைகள் வரும் இடத்தில் இதை எப்படி அனுமதிக்கிறார்கள் என்றே புரியவில்லை. பலமுறை சொல்லியும் வால்யூமைக் குறைத்தார்களே தவிர அணைக்கவில்லை, நாங்கள் வெளியே நின்று நேரத்துக்குத்தான் உள்ளே போகிறோம். தெரபிஸ்ட் லீவு போட்டால் மாற்றாக வருபவருக்கு அவனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், அந்த வகுப்பு வீண்தான். 45 நிமிடத்தில் கடைசி ஐந்து நிமிடம் நம்மிடம் பேசுவதற்குப் போய்விடும், ஆனால் வீட்டில் என்ன செய்யலாம் என்று அப்போதுதான் சொல்லிக்கொடுக்கிறார், அதனால் அதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

கட்டணம் செஷனுக்கு 700 ரூபாய். வாரம் இரண்டு என்றாலே மாசம் கையைக் கடிக்கும். பில் ஒழுங்காகத் தருகிறார்கள், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால் தெரபி செலவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம், அதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும், அதை முதலில் வாங்கி வையுங்கள். தனியார் செலவு முடியாதவர்கள் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் மத்திய அரசு நிறுவனமான நிப்மெட்டிலோ, உங்கள் மாவட்டத்தின் அரசு ஆரம்பகால இடையீட்டு மையத்திலோ கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

சேருவதானால் வேலை நாட்களில் காலை நேரத்தைக் கேளுங்கள், சனிக்கிழமை கூட்டம் அதிகம். முதல் நாள் உங்கள் குழந்தைக்கு உயிரான பொருள் எதுவோ அதையும் கையோடு கொண்டு போங்கள். எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் பரவாயில்லை, தெரபிஸ்ட் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.