அப்ரில் ஃபேட்ஃபேஸ்: மும்மொழிப் பெயர்ப்பலகையில் ஒரு பருத்த எழுத்துரு

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்குப் பெயர்ப்பலகை வடிவமைக்கும் வேலை வந்தபோது, ஆங்கிலப் பெயர் தூரத்திலிருந்தே தெரியும்படி பருமனாகவும், அதேவேளை பட்டுக்கரைபோல நளினமாகவும் இருக்கவேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த இலவச எழுத்துரு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அப்ரில் ஃபேட்ஃபேஸ்தான்.

வெரோனிக்கா பூரியனும் ஹோசே ஸ்கால்யோனேயும் டைப்டுகெதர் என்ற எழுத்துரு நிறுவனத்தின் வழியே உருவாக்கிய இந்த எழுத்துருவுக்கு, 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய, பிரெஞ்சு விளம்பரச் சுவரொட்டிகளை நிறைத்த தடித்த அச்செழுத்துகளே முன்மாதிரி. நிமிர்ந்த கோடுகள் தூண்களைப்போலப் பருத்திருக்க, குறுக்குக் கோடுகளும், செரிஃப் எனப்படும் முனைக் குறுங்கோடுகளும் நூலிழையாக மெலிந்துவிடுகின்றன. சில சிறிய எழுத்துகளின் நுனியில் உருண்டு நிற்கும் மணிகள் அந்தக் கனத்துக்கு ஒரு குறும்பைச் சேர்க்கின்றன. நாலைந்து சொற்களுக்குள் அடங்கும் தலைப்பு, சஞ்சிகை அட்டை, கடைப்பெயர் ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது எளிதில் கிடைக்காது.

ஆனால் அந்த நூலிழைகளே இதன் பலவீனமும் ஆகும். ஸ்டிக்கர் வெட்டும் இடத்தில் அவை முதலில் கிழிகின்றன. பத்திரிகைத் தாளில் மை பரவி மறைகின்றன. இந்த இலவச வடிவத்தில் ஒரே ஒரு தடிமன்தான் உண்டு, சாய்வெழுத்தும் இல்லை. மென்பொருளில் 'போல்ட்' பொத்தானை அழுத்துவோர், ஏற்கெனவே பருத்த எழுத்தைச் செயற்கையாக மேலும் ஊதவைத்து, உள்வெளிகளை அடைத்துவிடுகிறார்கள்.

கொழும்பில் இதைவிடப் பெரிய கேள்வி, இதில் தமிழோ சிங்களமோ இல்லாதபோது பக்கத்தில் எதை வைப்பது என்பதாகும். சிங்களத்துக்கு, புஷ்பானந்த ஏக்கநாயக்கவின் எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டு கொழும்பின் மூனியாக் வடிவமைப்புக் குழு வெளியிட்ட அபய லிப்ரே எழுத்துருவின் மிகத் தடித்த வடிவம் ஓரளவு ஈடுகொடுக்கிறது. தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவின் 'பிளாக்' என்ற மிகத் தடித்த வடிவத்தை எடுத்தேன். கோடுகளின் வேறுபாடு அப்ரில் அளவுக்கு இல்லையென்றாலும், பக்கத்தில் நின்று மெலிந்து தோற்பதில்லை. எனினும் 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் நெருங்கிவிடுவதால் தமிழ் வரியைச் சற்றுப் பெரிதாக வைக்கவேண்டும். மேலே 'கி', 'கீ' போன்றவற்றின் விசிறிக்கும் கீழே உகரக் குறிக்கும் இடமும் விடவேண்டும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பலகையில் தமிழை நசுக்கித் திணிக்கும் நம்மூர் வழக்கம் இங்கே அப்பட்டமாகத் தெரிந்துவிடும். யுனிகோடுடன் பொருந்தாத பழைய எழுத்துருவான பாமினியில் இன்னமும் தட்டச்சு செய்யும் அச்சகங்களுக்குக் கொடுக்கும்போது, எழுத்தை யுனிகோடில்தான் அனுப்புகிறோம் என்று முன்கூட்டியே சொல்வது நல்லது. நான் சொல்லாமல் விட்டு, ஒரு நாள் முழுவதையும் இழந்தேன்.

பலகை நன்றாக வந்தது. அதே ஆங்கில எழுத்தைத் தமது விசிட்டிங் கார்டின் முகவரிக்கும் 8 பொயின்ட் அளவில் போடுமாறு உரிமையாளர் கேட்டபோது மட்டும் மறுத்துவிட்டேன்.