கவுச் டு 5கே: பயப்பட வேண்டியது ஐந்தாவது வாரத்துக்கு அல்ல

பள்ளிக்கூடத்தோடு ஓட்டத்தை விட்டுவிட்டு, முப்பதிலோ ஐம்பதிலோ மறுபடி ஓடிப் பார்க்கலாமா என்று யோசிப்பவருக்குத் தயங்காமல் சொல்லக்கூடிய திட்டம் கவுச் டு 5கே, அதாவது சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டம் வரை. ஜோஷ் கிளார்க் என்பவர் 1996இல் தன் அம்மாவை மனதில் வைத்து உருவாக்கியது. பல வடிவங்களில் புழங்குகிறது. இங்கே எடுத்துக்கொண்டது பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்பான என்.எச்.எஸ். செயலியாக இலவசமாகத் தரும் 9 வார வடிவம். வாரத்துக்கு மூன்று ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது ஒருநாள் ஓய்வு.

எல்லா நாளும் 5 நிமிட வேக நடையில் தொடங்கும். முதல் வாரத்தில் 1 நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். எப்போது ஓடணும், எப்போது நடக்கணும் என்று செயலியில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, திட்டம் தூரத்தைக் கேட்பதே இல்லை, நேரத்தை மட்டும்தான் கேட்கிறது என்பது. தூரத்தைக் குறி வைத்தால் புதியவர் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார், மூச்சு வாங்கி நிற்பார். நேரத்தைக் குறி வைத்தால் வேகமாக ஓடி ஒரு லாபமும் இல்லை.

இந்தத் திட்டத்தை எடுத்தவர்கள் எல்லோரும் பேசுவது ஐந்தாவது வாரத்தின் மூன்றாவது ஓட்டத்தைப் பற்றி. அதற்கு முந்தைய ஓட்டத்தில் 8 நிமிடம் ஓடி, 5 நிமிடம் நடந்து, மறுபடி 8 நிமிடம் ஓடியவரை, இப்போது நடையே இல்லாமல் 20 நிமிடம் ஓடச் சொல்கிறது. கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓடும் நேரம் 16 நிமிடத்திலிருந்து 20 நிமிடம் ஆகிறது, அவ்வளவுதான். உண்மையான தாவல் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் ஓட்டம் மொத்தம் 9 நிமிடம். நான்காவது வாரத்தில் 3, 5, 3, 5 என்று 16 நிமிடம். சுமை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கால் வலி பலருக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு ஒத்துழைக்கிறதே என்று தெம்பாக ஓடும்போது கணுக்காலுக்கு மேலே, முன்காலின் உள்பக்கம் வலி எட்டிப் பார்க்கும். செயலி இந்த வாரத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாக எச்சரித்திருக்க வேண்டும். மூன்றாவது வாரத்தை இன்னொரு முறை ஓடிவிட்டு நான்காவதுக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை. வலி எலும்பு நெடுகப் பரவலாக இருந்தால் சில நாள் ஓய்வு கொடுத்து, குறைந்த நேரத்திலிருந்து தொடங்கலாம். ஒரே இடத்தில், விரல் வைத்து அழுத்தினால் சுரீர் என்றால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே மருத்துவர்.

இன்னொரு குறை, எவ்வளவு மெதுவாக ஓடுவது என்பது பலருக்கும் புரிவதில்லை. பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திக்காமல் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் அதிகம். அடியைச் சின்னதாக்கினால் வேகம் தானாக இறங்கும், முழங்காலுக்கும் நல்லது. வேகமாக நடப்பவர் உங்களைத் தாண்டிப் போனாலும் போகட்டும். இருபது நிமிட ஓட்டத்தில் பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் முதல் 5 நிமிடத்தை வேகமாக ஓடியவர்கள்தான்.

ஆறாவது வாரத்தின் முதல் ஓட்டத்தில் 5, 8, 5 நிமிடம் என்று ஓட்டம், அவற்றுக்கு நடுவில் நடை திரும்ப வரும். பின்னால் போகிறோமோ என்று சலித்துக்கொண்டு அதைத் தாண்டிவிட வேண்டாம். அது வேண்டுமென்றே வைத்த இளைப்பாறல். அந்த வாரக் கடைசியிலேயே 25 நிமிடம் காத்திருக்கிறது.

ஷூவைப் பற்றி ஒன்றே ஒன்று: எழுந்து நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் நகம் கறுக்கும். காலுக்கு வலுவூட்டும் பயிற்சியைத் திட்ட அட்டவணையில் சேர்த்திருக்கலாம். ஓய்வு நாளில் படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள்; 15 முறை வீதம் மூன்று சுற்று போதும். கெண்டைக்கால் தசைக்கு இது நேரடி வேலை.

பெயரில் 5 கிலோமீட்டர் இருந்தாலும் ஒன்பதாவது வாரம் தருவது 30 நிமிட ஓட்டம். அதற்குள் 5 கிலோமீட்டரை முடிக்க, கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகம் வேண்டும். புதியவர் பலருக்கு அது எட்டாது. கிலோமீட்டருக்கு 8 நிமிடத்தில் ஓடுபவர் 3.75 கிலோமீட்டரில் இருப்பார். இதைத் தோல்வி என்று நினைத்து வேகத்தைக் கூட்டுவதுதான் பெரிய தப்பு. வேகத்தைத் தொடாமல், மூன்று ஓட்டங்களில் ஒன்றை மட்டும் 33, 36, 40 நிமிடம் என்று வாரா வாரம் நீட்டுங்கள். மற்ற இரண்டும் 30 நிமிடத்திலேயே இருக்கட்டும். அந்த 40ஆவது நிமிடத்தில் 5 கிலோமீட்டர் முடிந்திருக்கும்.