கோடெக் புளொப்பி எமியுலேட்டர்: பெட்டியில் வந்தபடியே பாவிக்க வேண்டாம்

கொழும்பில் பழைய 386 அல்லது 486 கம்பியூட்டர் ஒன்றை உயிர்ப்பிக்க இறங்கினால், மதர்போர்ட் உயிர்பெற்றதும் எழும் முதல் கேள்வி அதன் இயக்க மென்பொருளான டொஸ்ஸை எதிலிருந்து ஏற்றுவது என்பதுதான். முப்பது வருடம் கடற்காற்றில் கிடந்த புளொப்பி ஒன்றை எடுத்து, உலோக மூடியை விரலால் தள்ளி, உள்ளிருக்கும் தட்டை மெல்லச் சுழற்றி, வெளிச்சத்துக்குச் சரித்துப் பாருங்கள். கரும்பழுப்பு மேற்பரப்பில் வெள்ளைப் பொட்டுகளோ மங்கலான வளையமோ தெரிந்தால் அது பூஞ்சணம். அப்படியே டிரைவுக்குள் விட்டால் அது வாசிக்கும் தலையில் அப்பிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல புளொப்பியையும் கீறிவிடும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து வீட்டு அலுமாரிகளிலிருந்து வெளிவரும் புளொப்பிகளில் இது சர்வசாதாரணம். அதனால்தான் இந்த ஊரில் பழைய கம்பியூட்டர் திருத்துபவருக்கு, புளொப்பிக்குப் பதில் பென்ட்ரைவைப் பாவிக்கவிடும் கோடெக்கை முதலாவதாக வாங்கச் சொல்கிறோம்.

கோடெக் என்பது மூன்றரை அங்குல புளொப்பி டிரைவின் அளவிலேயே வரும் ஒரு பெட்டி. முன்னால் பென்ட்ரைவ் செருகும் வாய், இரண்டு பொத்தான், மூன்று இலக்கச் சிவப்புத் திரை. பின்னால் வழக்கமான 34 ஊசி இணைப்பும் நான்கு ஊசி மின் இணைப்பும். கம்பியூட்டருக்கு அது உண்மையான புளொப்பி டிரைவாகவே தெரியும். பல மாதிரிகள் விற்பனையில் இருக்கின்றன. வாங்க வேண்டியது 1.44 எம்.பி. வகையான எஸ்.எப்.ஆர்.1எம்44-யூ100கே.

வன்பொருள் நல்லது. தொழிற்சாலையில் ஏற்றி அனுப்பும் மென்பொருள்தான் மோசம். அது பென்ட்ரைவைத் தன் விருப்பப்படி எண் போட்ட துண்டுகளாக வெட்டிவிடும். அவற்றுக்குள் எதையாவது வைக்கத் தனி விண்டோஸ் மென்பொருள் வேண்டும், எந்த எண்ணில் எது இருக்கிறது என்பதைத் துண்டுக் கடதாசியில் எழுதி வைக்கவும் வேண்டும். அந்த நிலையில் இந்தப் பொருளுக்கு ஐந்தில் இரண்டு புள்ளிதான் தரலாம். கியர் பிரேசர் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கும் பிளாஷ்புளொப்பி என்ற மாற்று மென்பொருளை ஏற்றிய பிறகு அதே பெட்டிக்கு நாலரை கொடுக்கலாம்.

ஏற்றும் முறை கடினமில்லை, முதல் தடவை மட்டும் கொஞ்சம் மினக்கெட வேண்டும். மூடியைக் கழற்றி, பெரிய சிப்பின் மேல் எழுதியிருப்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் வாசியுங்கள். பழைய போர்டுகளில் எஸ்.டி.எம்.32, பின்னால் வந்தவற்றில் ஆர்ட்டரி நிறுவனத்தின் ஏ.டி.32. இரண்டுக்கும் ஏற்றும் மென்பொருள் வேறு வேறு. பூட் என்று குறித்த ஊசியையும் 3.3 வோல்ட் ஊசியையும் ஒரு ஜம்பரால் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்னத் தொப்பி) இணைத்து, இரு முனையும் ஒரே தட்டை வடிவான யூ.எஸ்.பி. ஏ-ஏ வயரால் உங்கள் கம்பியூட்டரில் மாட்ட வேண்டும். அந்த நேரத்தில் புளொப்பி மின் வயரைத் தொடவே கூடாது. இரண்டு பக்கத்து 5 வோல்ட்டும் முட்டிக்கொள்ளும். உற்பத்தியாளர் சிப்பைப் பூட்டி வைத்திருப்பதால் முதலில் பாதுகாப்பை நீக்கச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டும். அதோடு பழைய மென்பொருள் அழிந்துவிடும், திரும்பி வராது. பலர் இந்தப் படியைத் தவறவிட்டு, எழுத முடியவில்லை என்ற செய்தியைப் பார்த்து போர்ட் பழுது என்று எறிந்துவிடுகிறார்கள். எழுதி முடித்து ஜம்பரைக் கழற்றி, பென்ட்ரைவ் இல்லாமல் மின் கொடுத்தால் சிவப்புத் திரையில் இரண்டு எப் எழுத்தும் நடுவில் ஒரு கோடும் வரும். அதுதான் வெற்றி. பிறகு வரும் புதுப்பிப்புகளுக்கு இந்தப் பாடே இல்லை: கோப்பைப் பென்ட்ரைவில் வைத்து, இரண்டு பொத்தானையும் அமத்திப் பிடித்தபடி மின் கொடுத்தால் போதும்.

அடுத்த கட்டாயச் செலவு சிறிய ஓலெட் திரை. 0.91 அங்குலம், 128க்கு 32 புள்ளி அளவுள்ளது சிவப்புத் திரை இருந்த சாளரத்திலேயே உட்காரும், தெரிவு செய்த படிமக் கோப்பின் (ஒரு புளொப்பி முழுவதையும் அடக்கிய கோப்பு) பெயரையே காட்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் ஆர்டுயினோ சாமான் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது திரையின் நான்கு ஊசிகளின் வரிசையை வாசிக்க வேண்டும். ஒரு வகையில் முதலில் கிரவுண்ட், பிறகு மின். இன்னொரு வகையில் முதலில் மின், பிறகு கிரவுண்ட். பார்க்காமல் நேருக்கு நேர் மாட்டினால் திரை சூடாகிச் செத்துவிடும். பொத்தான்களுக்குப் பதிலாகச் சுழல் குமிழ் வைத்தால் இன்னும் வசதி. ஒரு சொடுக்குக்கு இரண்டு கோப்பு தாண்டினால் குமிழில் பழுதில்லை. பின்னால் சொல்லும் அமைப்புக் கோப்பில் ரோட்டரி வரியை மாற்றிப் பாருங்கள். ஈயம் வைத்துப் பழக்கமில்லாதவர்கள் ஓலெட்டும் குமிழும் பூட்டியே வருவதை வாங்குவது நல்லது.

இனி பீ.சீ.யில் மாட்டுவது. கைவிடப்படும் கோடெக்குகளில் பல இங்கேதான் கைவிடப்படுகின்றன. பீ.சீ. புளொப்பி வயரின் நடுவே ஏழு இழைகள் முறுக்கியிருக்கும். முறுக்குக்கு அப்பால் கடைசி முனையில் மாட்டுவது ஏ டிரைவ், முறுக்குக்கு முன்னால் மாட்டுவது பி டிரைவ். எதில் மாட்டினாலும் கோடெக்கின் ஜம்பர் எஸ்1 இல் இருக்க வேண்டும், எஸ்0 இல் அல்ல. மாட்டியதும் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் வயர் தலைகீழ். 34 ஊசிகளில் ஒற்றை எண் ஊசிகள் எல்லாம் கிரவுண்ட் என்பதால் திருப்பி மாட்டும்போது டிரைவ் எப்போதும் தெரிவு செய்யப்பட்டதாகவே நினைத்துக்கொள்ளும். அதனால் எதுவும் எரியாது, திருப்பினால் சரி. மின் வயர் அப்படியல்ல. நான்கு ஊசியில் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட். வலிந்து தள்ளினால் தலைகீழாகவும் ஏறும். 12 வோல்ட் பாய்ந்தால் போர்ட்டும் பென்ட்ரைவும் சேர்ந்தே போய்விடும்.

பென்ட்ரைவை பேட்32 ஆக போர்மட் செய்து, எப்.எப்.சி.எப்.ஜி. (FF.CFG) என்ற அமைப்புக் கோப்பை அதில் வையுங்கள். இன்டர்பேஸ் என்ற வரியில் ஐபிஎம்பிசி என்று சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். இதை விட்டுவிட்டாலும் கம்பியூட்டர் பூட் ஆகும், முதல் புளொப்பி வாசிக்கும், எல்லாம் சரி போலவே தெரியும். இரண்டாவது படிமக் கோப்புக்கு மாறி, பட்டியல் காட்டும் டிர் கட்டளையை அடித்தால் முதல் புளொப்பியின் பட்டியலே வரும். காரணம் 34ஆவது ஊசி. புளொப்பி மாற்றப்பட்டது என்ற செய்தியை பீ.சீ. அந்த ஊசியில்தான் எதிர்பார்க்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் கோடெக் எடுத்துக்கொள்ளும் சுகார்ட் என்ற இணைப்பு முறையில் அதே ஊசி டிரைவ் தயார் என்ற வேறொரு செய்தியைச் சொல்கிறது. டொஸ் மாற்றத்தை அறியாமல் பழைய கோப்பு அட்டவணையை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் எதையாவது எழுதினால் புதிய புளொப்பியின் அட்டவணை நாசம். இந்த ஒரு வரியை எழுதாமல் யாருடைய கோப்பையும் கையில் எடுக்காதீர்கள்.

படிமக் கோப்பின் பைட் அளவும் சரியாக இருக்க வேண்டும். 1.44 எம்.பி. புளொப்பி 14,74,560 பைட், 720 கே.பி. 7,37,280, ஐந்தேகால் அங்குல 360 கே.பி. 3,68,640. ஒரு பைட் குறைந்தாலும் அந்தப் படிமம் சந்தேகத்துக்குரியது. 386க்கு முந்திய எக்ஸ்.டி. வகைக் கம்பியூட்டரின் பழைய புளொப்பி கட்டுப்படுத்திக்கு 1.44 எம்.பி. கொடுத்துப் பயனில்லை, அது நொடிக்கு 250 கிலோபிட்டில் நின்றுவிடும், 1.44க்கு 500 வேண்டும். டொஸ் 6.22 ஏற்றும்போது அடுத்த புளொப்பியைக் கேட்டால் குமிழைத் திருப்பி, திரை நிலைபெறும்வரை இரண்டு மூன்று விநாடி பொறுத்து என்ரர் அமத்துங்கள்.

வேகம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புளொப்பி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுவதாகவே இதுவும் நடிக்கிறது. 160 தடங்களை ஒரு சுற்று வீதம் வாசித்தாலே 32 விநாடி. கோடெக் தருவது நம்பகத்தன்மை. பழைய அமிகா 500 கம்பியூட்டருக்கும் இதே பெட்டி பொருந்தும். ஜம்பர் எஸ்0 இல், இன்டர்பேஸ் சுகார்ட் இல், ஏ.டி.எப். என்ற அமிகா படிமக் கோப்புகளோடு.

ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் புளொப்பி பிழை என்று வந்தால் கோடெக்கைக் குறைசொல்லு முன் மதர்போர்ட் பற்றரியைப் பாருங்கள். அது செத்திருந்தால் ஏ டிரைவ் 1.44 என்ற அமைப்பு மின் நின்றதும் மறந்துபோகும். 386, 486 போர்டுகளில் இருக்கும் 3.6 வோல்ட் பீப்பாய் வடிவ நிக்கல்-கட்மியம் பற்றரியாக இருந்தால் இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள். பச்சை பூத்த இடத்தை வெள்ளை வினாகிரியால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோலால் கழுவுங்கள்.

கோடெக் வந்துவிட்டதே என்று பழைய டிரைவைக் கழற்றி எறியாதீர்கள். அதைப் பி ஆகவும் கோடெக்கை ஏ ஆகவும் ஒரே வயரில் மாட்டினால் பழைய புளொப்பிகளை மீட்கும் இயந்திரம் தயார். 14,74,560 பைட் அளவில் வெற்றுப் படிமம் ஒன்றைப் பென்ட்ரைவில் வைத்து, டொஸ்ஸின் டிஸ்க்கொப்பி கட்டளையில் மூலம் பி, இலக்கு ஏ என்று கொடுங்கள். புளொப்பி முழுவதும் ஒரு கோப்பாகப் பென்ட்ரைவுக்குள் வந்துவிடும். பாமினி எழுத்துருவில் தட்டச்சடித்த மலர்களும் கணக்குகளும் கடிதங்களும் இந்த ஊரில் இன்னும் எத்தனையோ பெட்டிகளில் கிடக்கின்றன. வாசிக்க முடிகிற காலம் வருடா வருடம் குறைகிறது. பூஞ்சணம் தெரிந்த புளொப்பியை முதலில் 99 வீத ஐசோபுரோப்பைலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தட்டைச் சுழற்றிச் சுழற்றி இரு பக்கமும் மெல்லத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். மருந்துக்கடைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், அது வேண்டாம். ஒவ்வொரு பூஞ்சணப் புளொப்பிக்குப் பிறகும் டிரைவின் தலையையும் அதே திரவத்தால் துடையுங்கள். குச்சி பழுப்பாக வந்தால் இன்னொரு குச்சி. வெள்ளையாக வரும்வரை அடுத்த புளொப்பியைப் போட வேண்டாம்.