தீவில் கால்பந்து அரங்கம்: பாறையா, காயலா, மிதவையா?

தீவில் கால்பந்து அரங்கம் அமைக்க முதல் தேவை சமதளம். பன்னாட்டு ஆட்டத்துக்கு வழக்கமான ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். சின்னத் தீவில் அவ்வளவு தட்டையான இடம் சும்மா கிடக்காது. மூன்று ஊர்கள் இதற்கு மூன்று வழி கண்டிருக்கின்றன.

நார்வேயின் லோஃபோட்டன் தீவுக்கூட்டத்திலுள்ள ஹென்னிங்ஸ்வேரில் பாறையையே சமப்படுத்தி ஆடுகளம் ஆக்கினார்கள். மண் இல்லாத இடம், அதனால் செயற்கைப் புல்தரை. பார்வையாளர் மாடம் கிடையாது. சுற்றியுள்ள தார்த்தளத்திலோ பாறை மேலோ நின்று பார்க்க வேண்டியதுதான். பக்கத்திலேயே காட் மீன் காயப்போடும் மரச்சட்டங்கள். மேலிருந்து எடுத்த படங்களால் உலகமே அறிந்த இந்த மைதானத்தின் ஊரில் சுமார் 500 பேர்தான். அவர்களுக்கு வரிசை வரிசையாக இருக்கை எதற்கு? கூரை எழுப்பியிருந்தால் கடல்காற்றோடு ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தேவைக்கு மேல் ஒரு கல்லும் வைக்கவில்லை. வடிவமைப்பாக மட்டும் பார்த்தால் என் முதலிடம் இதற்குத்தான்.

ஆனால் தொழில்முறை அணி ஆட வேண்டுமென்றால் கணக்கு மாறிவிடும். அங்கேதான் வெனிஸின் பென்ஸோ அரங்கம் வருகிறது. 1913இல் வெனிஸ் காயலிலுள்ள சான்ட் எலெனா தீவில் திறந்தது. முதல் உலகப்போர் விமானி பியர் லூயிஜி பென்ஸோவின் பெயர் தாங்கியது. ஒரு பக்கம் படகுத்துறை, மாடத்துக்குப் பின்னால் தேவாலய மணிக்கூண்டு. கார் வர வழியில்லை. ரசிகர்கள் வபொரெட்டோ எனும் படகுப் பேருந்தில் வருகிறார்கள், எதிரணியும் படகில்தான் வந்து இறங்குகிறது. 1966இல் மிலான் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு 26,000 பேர் திரண்டார்கள். 1970இல் சுழற்காற்று அரங்கத்தைச் சிதைத்தது. பழைய கொள்ளளவு திரும்பவே இல்லை. இப்போது சுமார் 11,000 பேருக்கு இடம், அதிலும் பெரும்பகுதி இரும்புச் சட்டங்களில் நிற்கும் மாடங்கள். குறை வெளிப்படையானது: விரிவாக்க இடமில்லை, ஆட்டம் முடிந்ததும் கூட்டம் முழுவதும் படகுக்குக் காத்து நிற்க வேண்டும்.

சிங்கப்பூர் நிலத்தைத் தேடாமல் நீரிலேயே தளம் போட்டது. பழைய தேசிய அரங்கத்துக்குத் தற்காலிக மாற்றாக 2007இல் மெரினா விரிகுடாவில் 120 மீட்டர் நீளம், 83 மீட்டர் அகலத்தில் எஃகு மிதவை வந்தது. பொறியியலாக அது பெரும் சாதனை. கால்பந்துக்கோ அரைகுறை. சுமார் 27,000 இருக்கைகளும் கரையில் ஒரே பக்கம் இருந்தன. மற்ற மூன்று பக்கமும் தண்ணீர். ஆரவாரம் நாலாபுறமும் சூழ்ந்து எழாத இடத்தில் ஆட்டத்தின் சூடு பாதி ஆறிப்போகும். அணிவகுப்புக்கும் கலைநிகழ்ச்சிக்கும்தான் அந்த அமைப்பு கச்சிதமாகப் பொருந்தியது.

ஆக, போட்டி பென்ஸோவுக்கும் ஹென்னிங்ஸ்வேருக்கும்தான். சிற்றூருக்கு ஹென்னிங்ஸ்வேர் வழி. ஆயிரக்கணக்கில் ரசிகர்கள் உள்ள அணிக்குப் பென்ஸோ வழி. வெனிஸ் அணிக்குப் பெருநிலத்தில் டெஸ்ஸெராவில் புதிய அரங்கம் என்கிறார்கள். அங்கே இடம் தாராளம், போக்குவரத்தும் எளிது. அதற்காகப் பென்ஸோவைக் கைவிடக் கூடாது. இளையோர் அணியும் பெண்கள் அணியும் அங்கே ஆட வேண்டும்.