ராஜபாளையத்திலிருந்து மதுரை வரை: ஆம்புலன்ஸ் கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள்?

அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்திருந்த சமயத்தில், ராஜபாளையத்தில் சித்தப்பாவுக்கு ஒரு மாலை நெஞ்சுவலி வந்தது. பக்கத்து வீட்டார் உடனே 108-ஐ அழைத்தார்கள். சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பை எடுத்த பெண், தெருவையும் அருகில் உள்ள கோயிலையும் கேட்டுக் குறித்துக்கொண்டே, அவருக்கு வியர்க்கிறதா, பேசுகிறாரா என்றும் விசாரித்தார். வண்டி வந்ததும் மருத்துவ உதவியாளர் இரத்த அழுத்தம் பார்த்து, ஆக்சிஜன் வைத்து, பைலட் (108 வண்டியின் ஓட்டுநரை அப்படித்தான் அழைக்கிறார்கள்) கதவைச் சாத்துவதற்குள் படிவத்தில் பெயரையும் வயதையும் எழுதி முடித்திருந்தார். அரசு மருத்துவமனையில் ஒப்படைத்து, பணியில் இருந்த மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் அடுத்த அழைப்புக்குக் கிளம்பிவிட்டார்கள். காப்பீட்டு அட்டையை யாரும் கேட்கவில்லை. பணம் என்ற பேச்சே எழவில்லை.

108 சேவை 2005-இல் ஹைதராபாத்தில் தொடங்கி, 2008-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. நடத்துவது ஒரு தனியார் அமைப்பு என்றாலும் செலவை அரசே ஏற்கிறது. ஆம்புலன்ஸின் செலவில் பெரும்பகுதி அது ஓடும்போது ஏற்படுவதல்ல, காத்திருக்கும்போது ஏற்படுவது. ஒருவரும் அழைக்காத இரவிலும் இரண்டு பேர் சம்பளத்தோடு விழித்திருக்க வேண்டும், சிலிண்டர் நிரம்பியிருக்க வேண்டும், கருவிகள் வேலை செய்ய வேண்டும். அந்தக் காத்திருப்பின் விலையை ஊரார் அனைவரும் வரியாகப் பகிர்ந்துகொள்வதா, அன்று படுத்த ஒருவரே சுமப்பதா என்பதுதான் கட்டணம் நிர்ணயிப்பதன் அடிப்படைக் கேள்வி. தமிழ்நாடு முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது என்பதில் எனக்கு மிகுந்த பெருமை உண்டு.

நான் வாழும் நாட்டில் பெரும்பாலான நகரங்கள் இரண்டாவது வழிக்கு நெருக்கமாக நிற்கின்றன. நகர மன்றமோ தீயணைப்புத் துறையோ ஒரு கட்டண அட்டவணையை விதியாக வெளியிடும்: சிகிச்சையின் தரத்துக்கேற்ப ஓர் அடிப்படைக் கட்டணம், அதன் மேல் மைலுக்கு இவ்வளவு. நியூயார்க் தீயணைப்புத் துறை 2023-இல் அடிப்படை உயிர்காப்புச் சேவைக்கான கட்டணத்தை 900 டாலரிலிருந்து 1,385 டாலராக உயர்த்தியது. மைலுக்கு 20 டாலர் தனி. முதியோருக்கான மெடிகேர் திட்டம் இந்தத் தொகையைக் கொடுப்பதில்லை. அது தானே வகுத்த விகிதப்படி பணம் தரும். அந்த விகிதத்துக்கு மேல் நோயாளியிடம் கேட்கவும் சட்டம் இடம் தராது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் தருவது பொதுவாக அதனினும் குறைவு. ஆகவே அந்தப் பள்ளத்தை நிரப்பும் சுமை தனியார் காப்பீட்டின் மேலும், காப்பீடே இல்லாதவர் மேலும் விழுகிறது. எதிர்பாராத மருத்துவ பில்களைத் தடுக்க 2022-இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் விமான ஆம்புலன்ஸைச் சேர்த்துக்கொண்டு, சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை விட்டுவிட்டது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தனியே சட்டம் இயற்றி அந்த ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது. பில்லுக்குப் பயந்து நெஞ்சுவலியோடு தாமே காரோட்டிச் செல்பவர்கள் இருக்கும் நாடு அது. இதை ஒருபோதும் நியாயப்படுத்த முடியாது.

ஆனாலும் அங்கே எங்கள் குடும்பத்துக்கு ஒருமுறை வந்த பில்லில், எந்தத் தரச் சேவை, எத்தனை மைல், மைலுக்கு எவ்வளவு, காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு கொடுத்தது, எங்கள் பங்கு எவ்வளவு, தவறு என்றால் யாரிடம் முறையிடுவது என்று வரிவரியாக இருந்தது. இந்த விவரம் எவ்வளவு அவசியமானது என்பது ராஜபாளையத்தில் மறுநாள் காலையில் புரிந்தது.

சித்தப்பாவை இதயப் பரிசோதனைக்காக மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு 108-லேயே அனுப்புவதாக மருத்துவர் சொன்னார். தம்பி, அதாவது சித்தப்பாவின் மகன், ஏற்கெனவே அவருக்கு வைத்தியம் பார்த்த ஒரு தனியார் மருத்துவமனைக்கே கொண்டுபோக விரும்பினான். அதற்குத் தனியார் ஆம்புலன்ஸ்தான் வழி. வாசலில் நின்ற வண்டிக்காரரிடம் கேட்டதும், “பதினாலாயிரம் ஆகும் சார், ஆக்சிஜன் தனி” என்றார். பதினாலாயிரம் எப்படி வந்தது என்று கேட்டேன். “திரும்பி வர்றதுக்கு காலியாத்தானே சார் வரணும்” என்றார். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது; திரும்பும் வழிக்கும் டீசல் வேண்டும். ஆனால் அதற்கு எவ்வளவு என்று அவரும் பிரித்துச் சொல்லவில்லை, நோயாளியைப் படுக்கவைத்துக்கொண்டு பேரம் பேச எங்களாலும் முடியவில்லை. பணம் அவருடைய கைப்பேசி எண்ணுக்கு ஜி-பே மூலம் போனது. ரசீது கேட்டபோது, புத்தகம் வேறு வண்டியில் இருக்கிறது என்றார். வண்டியில் அவரைத் தவிர மருத்துவ உதவியாளர் யாரும் வரவில்லை.

வழிநெடுக நான் போட்ட கணக்கு இது. பெருந்தொற்றின்போது, ஆம்புலன்ஸ்களுக்கு நியாயமான கட்டணம் நிர்ணயிக்கும்படி 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு அறிவித்த விகிதப்படி முதல் 10 கிலோமீட்டருக்குச் சாதாரண வண்டிக்கு ரூ.1,500, அடிப்படை உயிர்காப்பு வசதி உள்ளதற்கு ரூ.2,000, உயர்தர உயிர்காப்பு வண்டிக்கு ரூ.4,000, அதன்பின் கிலோமீட்டருக்கு முறையே 25, 50, 100 ரூபாய். மதுரை சுமார் 85 கிலோமீட்டர். அந்த விகிதத்தில் சாதாரண வண்டிக்கு ரூ.3,375, அடிப்படை வசதிக்கு ரூ.5,750, உயர்தர வண்டிக்கு ரூ.11,500. டீசலும் சம்பளமும் ஏறியிருப்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஒரு சிலிண்டரும் ஸ்ட்ரெச்சரும் மட்டுமே இருந்த வண்டிக்கு நாங்கள் கொடுத்தது உயர்தர வண்டியின் கட்டணத்தையும் தாண்டியது. இந்த விகிதம் அந்நாளைக்கென்று போடப்பட்டதுதான். ஆனால் அரசு நினைத்தால் தூரத்தையும் வசதியையும் வைத்து ஒரே தாளில் கட்டணம் எழுதிவிட முடியும் என்பதற்கு அதுவே சான்று. கேரளம் 2024-இல் வண்டிகளை வகைப்படுத்தி அப்படித்தான் கட்டணம் நிர்ணயித்தது.

ரசீது இல்லாததன் நஷ்டம் அதோடு நிற்கவில்லை. பல மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் ஆம்புலன்ஸ் செலவை ஒரு வரம்புவரை திருப்பித் தருகின்றன. தம்பியின் பாலிசியிலும் அந்த வசதி உண்டு. ஜி-பே ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியபோது, வண்டி எண்ணும் பயண விவரமும் உள்ள பில் வேண்டும் என்று பதில் வந்தது. நோயாளியை ஆம்புலன்ஸில் கொண்டுசெல்லும் சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, வரி இல்லை என்பதால் பில்லும் வேண்டாம் என்ற பழக்கம் ஊன்றிவிட்டதோ என்று தோன்றுகிறது.

இலவச 108-ஐ இன்னும் பலப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மருத்துவமனை மாற்றுவதற்கும் வீடு திரும்புவதற்கும் தனியார் வண்டியை நாடுவோர் என்றும் இருப்பார்கள். ஆம்புலன்ஸ்களை நோயாளியை ஏற்றிச் செல்பவை, அடிப்படை உயிர்காப்பு, உயர்தர உயிர்காப்பு என்றெல்லாம் பிரிக்கும் தேசியத் தரநிலை ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு வண்டியும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழுக்காகச் சோதனைக்கு வந்தே தீர வேண்டும். அங்கேயே வண்டியின் வகையையும், முதல் 10 கிலோமீட்டர் கட்டணத்தையும், அதற்கு மேலான கிலோமீட்டர் கட்டணத்தையும், காலியாகத் திரும்புவதற்கும் காத்திருப்புக்குமான தொகையையும், புகார் எண்ணையும் பின்கதவில் தமிழில் எழுதச் செய்யலாம்; எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் இல்லாத வண்டிக்குச் சான்றிதழ் இல்லை என்றும் சொல்லலாம்.