வேகக் கட்டுப்பாடு கம்ப்ரசருக்கா, பம்புகளுக்கா? ஒரு கோலாலம்பூர்க் கட்டடத்தின் அனுபவம்

ஜாலான் ஈப்போ பக்கம் உள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தின் குளிரூட்டும் ஆலை என் பொறுப்பில் இருக்கிறது. கீழ்த்தளத்தில், கட்டடத்துக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் இரண்டு சென்ட்ரிஃபியூகல் (மையவிலக்கு வகை) சில்லர்கள், தலா 500 டன் (குளிரூட்டும் திறனின் அலகு); இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுபவை. குளிர்நீருக்கு மூன்று பம்புகள், சில்லர் வெளியேற்றும் வெப்பத்தை ஏந்திச்செல்லும் கண்டென்சர் தண்ணீருக்கு மூன்று, அந்தத் தண்ணீரை ஆறவைக்கும் மொட்டைமாடிக் கூலிங் டவர்களில் நான்கு விசிறிகள். நிர்வாகம் ஒரே ஒரு மேம்பாட்டு வேலைக்குப் பணம் ஒதுக்கியபோது இரண்டு வழிகள் மேசைக்கு வந்தன. ஒன்று, சில்லர் ஒன்றின் கம்ப்ரசர் மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவது, நாம் வி.எஸ்.டி. என்றும் கையேடுகள் வி.எஃப்.டி. என்றும் சொல்வது இதைத்தான். மற்றொன்று, சில்லரைத் தொடாமல் ஆறு பம்புகளுக்கும் நான்கு விசிறிகளுக்கும் அதே கருவியைப் பொருத்துவது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். நம் ஊரில் பழைய ஆலை வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு அதுவே பொருந்தும் என்பது என் துணிபு.

இரு வழிக்கும் பொதுவான நன்மைகளை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. மோட்டார் மெதுவாகத் தொடங்கும், பவர் ஃபேக்டர் சீராகும், பெல்ட்டும் கப்ளிங்கும் கூடுதல் நாள் உழைக்கும். மெதுவாகத் தொடங்குவதால் அதிகபட்சத் தேவைக் கட்டணம் பெரிதும் குறையும் என்று விற்பனையாளர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தத் தேவை 30 நிமிடச் சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. சில விநாடிகள் நீடிக்கும் தொடக்க மின்னோட்டம் அதில் ஏறத்தாழ தெரியாது. ஜெனரேட்டரில் சில்லரை ஓட்ட வேண்டிய மருத்துவமனைக்கு மெதுவான தொடக்கம் உண்மையிலேயே பெரிய வரம். அது வேறு கணக்கு.

முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு காரணம்: கண்டென்சருக்குள் நுழையும் தண்ணீரின் வெப்பநிலை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விலைப்புள்ளிகளில் இது எங்கும் வெளிப்படையாக எழுதப்படுவதில்லை.

பம்பிலும் விசிறியிலும் வேகத்தைக் குறைத்தால் மின்சக்தி அதன் மும்மடிக்கு ஏற்பக் குறையும் என்பது நமக்குத் தெரிந்த விதி. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறக்கினால் கணக்குப்படி ஏறத்தாழ பாதிச் சக்தி போதும். அதே விதியைக் கம்ப்ரசருக்கும் காட்டித்தான் விற்கிறார்கள். ஆனால் சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரசர் குளிரூட்டும் வாயுவை நகர்த்துவதோடு, குளிர்நீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும் எவாப்பரேட்டரின் தாழ்ந்த அழுத்தத்திலிருந்து, அந்த வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரின் உயர்ந்த அழுத்தத்துக்கு அதை ஏற்றவும் வேண்டும். கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று பத்து வாளிக்குப் பதில் ஐந்து வாளி போதும் என்பது சுமை குறைவது. ஆனால் கிணற்றின் ஆழம் அப்படியே இருந்தால் ஒவ்வொரு வாளியையும் அதே உயரத்துக்குத்தான் இழுத்தாக வேண்டும். அந்த ஆழம்தான் தொழிலில் லிஃப்ட் எனப்படும் ஏற்றம். சக்கரத்தின் வேகம் அந்த ஏற்றத்துக்குப் போதாவிட்டால் வாயு பின்னோக்கிப் பாய்ந்து சர்ஜ் ஏற்படும். அந்த உறுமலை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார்.

விற்பனை ஏடுகளில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் ஐ.பி.எல்.வி. என்னும் பகுதிச்சுமைத் திறனைப் பாருங்கள். குளிரூட்டிக் கருவி உற்பத்தியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஏ.எச்.ஆர்.ஐ.யின் 550/590 தரநிலைப்படி அந்த எண்ணில் நூற்றுக்கு, 75 விழுக்காட்டுச் சுமைக்கு 42 பங்கும், 50 விழுக்காட்டுச் சுமைக்கு 45 பங்கும் தரப்படுகின்றன. முழுச்சுமைக்கு வெறும் 1 பங்கு. முழுச்சுமையில் கண்டென்சர் தண்ணீர் 29.4 டிகிரி செல்சியஸ் என்றும், 75 விழுக்காட்டில் 23.9 என்றும், 50 விழுக்காட்டில் 18.3 என்றும் அந்தக் கணக்கு வைத்துக்கொள்கிறது. கோலாலம்பூரில் கூலிங் டவர் எப்போது 18.3 டிகிரித் தண்ணீரைத் தரும்? டவரால் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு, கீழே தண்ணீரைக் குளிர்விக்க முடியாது. கட்டடங்களின் எரிசக்தித் திறனுக்கான மலேசியத் தரநிலையான எம்.எஸ். 1525 நமக்கு வடிவமைப்பு ஈரக்குமிழாக 27.2 டிகிரியைத் தருகிறது. அடைமழை பெய்து ஓய்ந்த மாலையிலும் அது நமக்குச் சில டிகிரிதான் இறங்கிக்கொடுக்கும். குளிர்காலம் உள்ள நாடுகளுக்குப் பொருந்தும் எண் அது.

அண்ணளவாக ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். முழுச்சுமையில் எவாப்பரேட்டர் 5 டிகிரியிலும் கண்டென்சர் 36 டிகிரியிலும் இருந்தால் ஏற்றம் 31 டிகிரி. பாதிச் சுமையில், 18.3 டிகிரித் தண்ணீர் கிடைக்கும் ஊரில் கண்டென்சர் 22 டிகிரிக்கு இறங்கும். எவாப்பரேட்டர் 6 என்று வைத்தால் ஏற்றம் 16, அதாவது ஏறக்குறைய பாதி. நம் ஊரில் அதே பாதிச் சுமையில் 27 டிகிரித் தண்ணீர் கிடைத்தால் கண்டென்சர் 30-இல் நிற்கும், ஏற்றம் 24. தேவையான வேகம் ஏற்றத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே மாறும் என்பதால், அங்கே கம்ப்ரசர் 36 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம், இங்கே 44-க்குக் கீழே இறங்க இயலாது. மீதிச் சுமைக் குறைப்பைப் பழையபடி, கம்ப்ரசரின் வாயிலில் வாயுவை மட்டுப்படுத்தும் கைட் வேன் என்னும் தகடுகளை மூடித்தான் செய்ய வேண்டும். அதற்கு மேல், ஓடும் நேரமெல்லாம் வி.எஸ்.டி. தானே 2 முதல் 4 விழுக்காடு வரை வெப்பமாக இழக்கும். மிச்சமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏடு சொல்லும் மிச்சம் நம் ஊர்த் தண்ணீரில் கிடைக்காது என்பதே என் வாதம். எம்.எஸ். 1525 தனியே எம்.பி.எல்.வி. என்னும் மலேசியப் பகுதிச்சுமைத் திறனை வரையறுத்து, 50 விழுக்காட்டுச் சுமையிலும் அதற்குக் கீழும் கண்டென்சர் தண்ணீர் 26.67 டிகிரி என்று நிர்ணயித்திருப்பதும் இதற்காகத்தான்.

பம்புகளின் நிலை வேறு. பெரும்பாலான பழைய ஆலைகளில் பம்புகள் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கப்பட்டு, நீரோட்டத்தை அளவுபடுத்தும் பாலன்சிங் வால்வைப் பாதி மூடி அடக்கப்பட்டிருக்கும். எங்கள் குளிர்நீர் பம்புகள் 45 கிலோவாட் மோட்டார் கொண்டவை. வால்வு பாதி மூடியிருந்த பழைய நிலையில் ஒரு பம்ப் 38 கிலோவாட் எடுத்தது. வால்வுக்கு முன்னும் பின்னும் இருந்த அழுத்தமானிகளைப் பார்த்தாலே பம்ப் தந்த அழுத்தத்தில் பெரும்பங்கு அந்த வால்வில் வீணாவது தெரிந்தது. வி.எஸ்.டி. பொருத்திய அன்று வால்வின் கைச்சக்கரத்தைத் திறக்கப் போனபோது, உடன் வேலை செய்யும் இளைஞர், "அண்ணே, முழுசா திறந்தா மோட்டார் ஓவர்லோட் ஆயிடாதா?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. 50 ஹெர்ட்ஸிலேயே திறந்திருந்தால் நீரோட்டம் கூடி மோட்டார் 43 கிலோவாட்டைத் தொட்டிருக்கும். ஆகவே முதலில் 35 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, பிறகு வால்வை முழுவதும் திறந்து, நீரோட்டமானி பழைய அளவைக் காட்டும்வரை வேகத்தைச் சிறுகச் சிறுக ஏற்றினோம். 41 ஹெர்ட்ஸில் அதே நீரோட்டம் வந்தது. கருவியின் இழப்பையும் சேர்த்து 25 கிலோவாட். பருவமோ ஈரக்குமிழோ இதில் குறுக்கிடுவதில்லை, பம்ப் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் 13 கிலோவாட் மிச்சம்.

அதற்கு மேலும் சுமைக்கேற்பக் குறைய வேண்டுமானால் மாடிகளில் குளிர்காற்றை ஊதும் ஏ.எச்.யு.க்களில், தேவையில்லாதபோது தண்ணீரை நிறுத்திவிடும் இருவழி வால்வுகள் இருக்க வேண்டும். எங்களுடைய சில மாடிகளில் மூவழி வால்வுகள் இருந்தன. குளிர் தேவைப்படாத தண்ணீரை அவை பைபாஸ் வழியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததால் பம்ப் குறையவே மறுத்தது. ஒவ்வொரு மாடியாக ஏறி அந்தப் பைபாஸ் குழாய்களை அடைத்தோம். அழுத்த வேறுபாட்டு உணரியைப் பம்ப் அறையில் பொருத்தாமல் கடைசி ஏ.எச்.யு. அருகே பொருத்தினோம்; பம்ப் அறையில் வைத்தால் வேகம் குறைவதற்கு இடமே இருக்காது.

சில்லரின் பாதுகாப்பைக் கருதி இரண்டு அமைப்புகளில் அவசரப்படக்கூடாது. முதலாவது, குறைந்தபட்ச ஹெர்ட்ஸ். எவாப்பரேட்டருக்கு உற்பத்தியாளர் குறிப்பிடும் குறைந்தபட்ச நீரோட்டத்தை நீரோட்டமானியில் பார்த்து, அந்த நேரத்தில் கருவி காட்டும் ஹெர்ட்ஸைக் கீழ் எல்லையாகப் பதிய வேண்டும். எங்களுக்கு அது 32 ஆக அமைந்தது. உங்களுக்கு வேறாக இருக்கும். இரண்டாவது, வேகம் ஏறி இறங்கும் நேரம். பழைய சில்லரின் கட்டுப்பாட்டுப் பலகை திடீர் நீரோட்ட மாற்றத்தைத் தாங்காது; குளிர்நீர் வெப்பநிலை சடாரென விழுந்து சில்லர் டிரிப் ஆகும். எனவே 50-லிருந்து 40-க்கு வரச் சில நிமிடங்கள் ஆகும்படி வைத்தோம்.

கண்டென்சர் பம்பில் வேறொரு தந்திரம் வேண்டும். அதை வால்வு திறந்து வடிவமைப்பு நீரோட்டத்துக்குச் சரிசெய்ததோடு நிறுத்திக்கொண்டோம். டன்னுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 0.19 லிட்டர் என்பது வழக்கமான அளவு. அதற்குக் கீழே குறைத்தால் வெளியேறும் தண்ணீர் சூடேறி ஏற்றம் கூடும். பம்பில் மிச்சம் பிடித்ததைக் கம்ப்ரசர் தின்றுவிடும். டவர் விசிறிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நுழையும் தண்ணீர் 1 டிகிரி கூடினால் கம்ப்ரசர் ஏறக்குறைய 2 முதல் 3 விழுக்காடு கூடுதலாக எடுக்கும் என்பதால், விசிறியைக் குறைப்பதற்காகத் தண்ணீரைச் சூடாக விடக்கூடாது. எங்கள் நான்கு விசிறிகளும் ஒரே குறைந்த வேகத்தில் சேர்ந்து ஓடுகின்றன. இரண்டை முழுவேகத்தில் ஓட்டி இரண்டை நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரிபார்ப்பில்தான் இந்தத் தொழிலில் நிறைய ஏமாற்றம் நடக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். கம்ப்ரசர் வி.எஸ்.டி. விற்க வந்த ஒரு நிறுவனம் வேறொரு கட்டடத்தின் மின்கட்டண ரசீதுகளை முன்னும் பின்னும் வைத்துக் காட்டியது. மிச்சம் பிரமாதமாக இருந்தது. தேதிகளைப் பார்த்தேன், பின்னைய ரசீது நோன்பு மாதத்தையும் ஹரிராயா விடுமுறையையும் உள்ளடக்கியது. அலுவலகம் பாதி காலியாக இருந்த மாதத்தை எதிர்த்தட்டில் வைத்தால் எந்தக் கருவியும் மிச்சம் காட்டும். சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் இது பொருந்தும்.

ரசீதை ஒதுக்கிவிட்டு, ஒரே சுமையில் டன்னுக்கு எத்தனை கிலோவாட் என்பதை ஒப்பிடுங்கள். குளிர்நீரோட்டம் விநாடிக்கு 60 லிட்டர், சில்லருக்குள் நுழையும் தண்ணீருக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் வெப்பநிலை வேறுபாடு 5.5 டிகிரி என்றால், இரண்டையும் தண்ணீரின் வெப்ப ஏற்பு எண்ணான 4.19-ஆல் பெருக்க 1,383 கிலோவாட் குளிர், அதை ஒரு டன்னுக்குரிய 3.517 கிலோவாட்டால் வகுக்க ஏறத்தாழ 393 டன். இதில் வெப்பமானிகளே பலவீனமான கண்ணி. இரண்டுக்கும் இடையே 0.3 டிகிரி பிழை இருந்தாலும் விடை 5 விழுக்காட்டுக்கு மேல் தவறும். அதனால் இரண்டு உணரிகளையும் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி, ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்த்த பிறகே குழாயில் போட்டோம். பிறகு வெப்பச் சமன்பாடு: கண்டென்சர் வெளியேற்றும் வெப்பம், எவாப்பரேட்டர் எடுத்த வெப்பத்தோடு கம்ப்ரசர் மின்சக்தியைக் கூட்டினால் வருவதற்குச் சமமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு, அளவீடுகளில் 80 விழுக்காடு இந்தச் சமன்பாட்டில் 5 விழுக்காடு வேறுபாட்டுக்குள் அமைய வேண்டும் என்று கேட்கிறார்கள். நாங்களும் அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டோம்.

மின்சாரத்தை அளக்கும்போது கருவியின் உள்வரும் பக்கத்தில் அளக்க வேண்டும். வி.எஸ்.டி. திரையில் தெரியும் ஆம்பியர் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம். உள்ளே வருவது அதுவல்ல, கருவியின் சொந்த இழப்பும் அதில் தெரியாது. மலிவான கிளாம்ப் மீட்டர் ஹார்மோனிக்ஸ் கலந்து உருக்குலைந்த மின் அலையைத் தவறாகக் காட்டும். அத்தகைய அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ். பவர் அனலைசரை வாடகைக்காவது எடுத்து, முன்னும் பின்னும் நான்கு நான்கு வாரம் பதிவு செய்யுங்கள். மலேசியாவில் எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த பிறகு, எரிசக்தித் தணிக்கைக்கு உட்படும் கட்டடங்களுக்கு இந்தப் பதிவுகள் எப்படியும் தேவைப்படும்.

பராமரிப்பிலும் பம்ப் பக்கமே எனக்கு நிம்மதி. பம்பின் வி.எஸ்.டி. பழுதானால் பைபாஸில் ஸ்டார்-டெல்டா என்னும் பழைய வகைத் தொடக்கிக்கு மாற்றிவிட்டு, வேறு எந்த நிறுவனத்தின் கருவியையும் வாங்கிப் பொருத்தலாம். சில்லரோடு ஒட்டிய கருவி பழுதானால் பலகைக்காக உற்பத்தியாளரை எதிர்பார்த்து நிற்க வேண்டும், அதுவரை 500 டன்னும் நிற்கும். இரண்டுக்குமே குளிர்விக்கும் விசிறியும் மின்தேக்கிகளும் காலாவதியாகும் உறுப்புகள். கிள்ளான் பள்ளத்தாக்கின் இடிமின்னலுக்கு மொட்டைமாடிக் கருவிகளில், திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் கட்டாயம்.

கம்ப்ரசருக்குப் பொருத்திய ஆலை ஒன்றை நண்பரின் கட்டடத்தில் சில மாதங்கள்தான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். அதன் நீண்டகால உழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது. வேகமும் கைட் வேனும் சேர்ந்து இயங்கும்படி சில்லரின் சொந்தக் கட்டுப்பாட்டுப் பலகையே கையாள வேண்டும், வெளியிலிருந்து தனியே வேகத்தை மட்டும் மாற்றினால் சர்ஜ் நிச்சயம் என்பதை மட்டும் அங்கே நேரில் கண்டேன். ஸ்க்ரூ சில்லரில் எனக்கு அனுபவம் இல்லை.

எங்கள் சில்லர்களில் ஒன்று விரைவில் மாற்றத்துக்கு வரும். புதிதாக வாங்கும்போது நிலைமை மாறிவிடும். எண்ணெய் இல்லாத காந்தத் தாங்கி வகையில் வி.எஸ்.டி. இயந்திரத்தோடே பிறக்கிறது, அதை மறுக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் விலைப்புள்ளிப் படிவத்தில் ஐ.பி.எல்.வி. கட்டத்தை நீக்கிவிட்டேன். அதற்குப் பதில் 100, 75, 50 விழுக்காட்டுச் சுமைகள் ஒவ்வொன்றிலும், கண்டென்சர் தண்ணீர் 29.5, 28, 27 டிகிரியாக இருக்கும்போது டன்னுக்கு எத்தனை கிலோவாட், கருவியின் இழப்பும் உட்பட, என்று ஒன்பது கட்டங்கள் வரைந்து வைத்திருக்கிறேன்.