கடைசிப் பக்கத்து எண்: ஒரு பொத்தான் கைப்பேசியோடு மூன்றரை ஆண்டுகள்

நாவல் அச்சுக்குக் கொடுத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். என் நாவலின் கடைசிப் பக்கத்தில் வாசகர்களுக்கென்று ஒரு தொலைபேசி எண்ணை அச்சிட்டு, அந்த எண்ணுக்கென்றே தனியாக ஒரு பொத்தான் கைப்பேசியை வைத்திருக்கிறேன் அல்லவா, தானும் அப்படியே செய்யலாமா என்பது அவருடைய கேள்வி. அவர் கேட்ட நேரத்தில் அந்தக் கைப்பேசி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் முதுகு கழற்றப்பட்டுக் கிடந்தது. சார்ஜர் செருகும் துளை ஆடிப்போய், ஒரு விரலால் அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும் என்ற நிலைக்கு வந்திருந்தது. 25 ரிங்கிட் கொடுத்துச் சரிசெய்தேன். 2022இல் நான் 129 ரிங்கிட்டுக்கு வாங்கிய அதே வகைக் கைப்பேசி இப்போது புதிதாகவே 89 ரிங்கிட்டுக்குக் கிடைப்பதாகக் கடைக்காரத் தம்பி கண்ணாடிப் பெட்டியைக் காட்டிச் சொன்னது, பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகுதான். இதை அந்த எரிச்சலோடு எழுதுகிறேன் என்பதை வாசிப்பவர்கள் கருத்தில் கொள்ளட்டும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த விலையில் விற்கும் பொத்தான் கைப்பேசிகள் பலவற்றிலும் இதே குறை உண்டு என்று கேள்விப்படுகிறேன்.

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாவல் வெளியாகும் முறையை அறிந்தவர்களுக்கு இந்த எண் எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. மண்டபம் எடுத்து, பிரமுகர் ஒருவரை முதல் நூல் பெறச் செய்து, வந்தவர்கள் வரிசையில் நின்று பணம் வைத்த உறையைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த உறைகள்தாம் அச்சகக் கடனை அடைக்கின்றன. அவற்றைக் குறைத்துப் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் நான் அச்சிட்ட 500 பிரதிகளில் ஏறத்தாழ 200 அன்று மாலையே தீர்ந்துபோனதும், அவற்றுள் எத்தனை பிரிக்கப்பட்டன என்பது எனக்குத் தெரியாமலே போனதும் ஒரே நாளில் நடந்தவை. சட்டப்படி தேசிய நூலகத்துக்கு அனுப்பிய ஐந்து பிரதிகள் பத்திரமாக இருக்கும், ஆனால் அவை என்னை அழைத்துப் பேசப்போவதில்லை. முன்பெல்லாம் ஞாயிறு பதிப்பின் வாசகர் கடிதங்கள் ஓரளவு இந்த வேலையைச் செய்தன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றபோது அப்படிப்பட்ட கதவுகளில் ஒன்று மூடியது.

நாவலுக்கு முந்தைய சிறுகதைத் தொகுப்பில் என் சொந்த எண்ணையே அச்சிட்டுப் பார்த்தேன். கதையைப் பற்றிப் பேசியவர்கள் நான்கு பேர். காலை வணக்கப் படம் அனுப்பியவர்களுக்குக் கணக்கில்லை. என்னைக் கேட்காமலே பதினொரு வாட்ஸ்அப் குழுக்களில் சேர்த்துவிட்டார்கள், அவற்றுள் ஒன்று மூட்டுவலித் தைலம் விற்பவர்களுடையது. எனவேதான் நாவலுக்கு, படமே வர வழியில்லாத பொத்தான் கைப்பேசி என்று முடிவு செய்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் இடம் கொடுக்காது.

ஒருமுறை சார்ஜ் செய்தால் ஐந்தாறு நாள் தாங்குகிறது. இரண்டு முறை மாடிப்படியில் உருண்டும் ஒன்றும் ஆகவில்லை. 2021 இறுதியில் மலேசியாவில் 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். என்னுடையது 2ஜியில் இயங்குவது என்பதால் அதனாலும் தொல்லை இல்லை. ஒலி மட்டும் சற்று அதிகம். எதிர்முனையில் பேசுபவரின் குரல் அறை முழுவதும் கேட்கும். ஆரம்பத்தில் இதைக் குறையாகத்தான் எண்ணினேன், பிறகு அதுவே இந்தக் கருவி எனக்குத் தந்த பெரிய பரிசாகிவிட்டது.

அழைப்பவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். நம் நாட்டில் தமிழ்வழிப் படிப்பு ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே இருக்கிறது, அதுவும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நாவலைச் சரளமாக வாசிக்கும் ஒருவர், எழுத்தாளருக்கு நான்கு வரி எழுது என்றால் றகரத்துக்கும் ரகரத்துக்கும் பயந்து பின்வாங்குவார். பேசுவதற்கு அந்தப் பயம் இல்லை. ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுபவர்களும் உண்டு, நான் திருப்பி அழைப்பேன். யார், எந்த ஊர், என்ன சொன்னார் என்பதையெல்லாம் மளிகைக் கடைகளில் கடன் எழுதும் 555 புத்தகத்தில் குறித்துவைக்கிறேன். இதுவரை மூன்று புத்தகங்கள் நிரம்பியிருக்கின்றன.

முதல் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து அழைத்த ஒரு மூதாட்டியின் குறிப்பு இருக்கிறது. எடுத்த எடுப்பில் அவர் கேட்டது இது: “தங்கச்சி, அறுபத்தெட்டாம் பக்கத்துல அந்தப் பொண்ணு மரத்தச் சீவிட்டு அப்புறமா ஒட்டுப்பால உரிக்கிதே, அது எப்புடிம்மா? ஒட்டுப்பால உரிக்காம உளிய எங்க வைப்ப?” நான் செந்தூல் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள், என் பாட்டி பால்மரம் என்கிற ரப்பர் மரம் சீவியவர், நான் சீவியதில்லை. முந்தைய நாள் சீவிய கோட்டில் வடிந்து காய்ந்துபோன பால் ஒரு நாடாவைப் போல ஒட்டியிருக்கும் என்றும், அதை இழுத்து உரித்துக் கூடையில் போட்ட பிறகே உளி வைக்க முடியும் என்றும், பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைக்காவிட்டால் கங்காணியிடம் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்றும் அவர் ஏறத்தாழ அரை மணி நேரம் சொன்னார். கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் எழுதுவதுபோல எழுதிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னபடி இரண்டாம் பதிப்பில் அந்தப் பத்தியைத் திருத்தியிருக்கிறேன். இந்தத் திருத்தத்தை எந்த விமர்சகரும் எனக்குக் கொடுத்திருக்க முடியாது.

இன்னொருவர் லாரி ஓட்டுநர். தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அழைத்து, தமக்குப் பிடித்த பத்தியை எனக்கே வாசித்துக் காட்டினார். நான் ஒரே மூச்சில் ஓடும் என்று நினைத்து எழுதிய வாக்கியத்தில் அவர் மூன்று இடங்களில் நின்றார். இரண்டாவது நிறுத்தத்தில் எழுவாயைத் தொலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பின்னால் லாரிகள் போகும் சத்தத்தோடு என் வாக்கியம் அவர் வாயில் தட்டுத்தடுமாறியதைக் கேட்டபோது, எழுதிய காலத்தில் எனக்குத் தெரியாத ஒரு பிழை தெரிந்தது. (அதன் பிறகும் நான் நீண்ட வாக்கியங்களை விடவில்லை என்பதை இதை வாசிப்பவர்கள் கவனித்திருப்பார்கள்.)

இனி குறைக்கு வருகிறேன். இந்தக் கைப்பேசிக்குத் தமிழ் தெரியாது.

தமிழில் குறுஞ்செய்தி வந்தால் எழுத்துகளுக்குப் பதிலாகச் சிறு சிறு சதுரக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். எண்ணும் காற்புள்ளியும் கேள்விக்குறியும் ஒழுங்காகத் தெரியும். தமிழ் மட்டும்தான் கட்டம். வாங்கிய கடையில் இதைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் 1991 முதல் இருக்கிறது. தமிழ்க் கணினி உலகமே அறிந்த முரசு அஞ்சல் மென்பொருள் 1985இல் தொடங்கியது இங்குதான். அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு அவருடைய செல்லினம் செயலி 2005இலேயே வந்துவிட்டது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, 2022இல் வாங்கிய கருவியில் நான் கட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எண்ணுவது என்று சொன்னது அலங்காரத்துக்காக அன்று. புள்ளிக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதால் ஒரு மெய்யெழுத்துக்கு இரண்டு கட்டம், துணையெழுத்துக்கும் தனிக் கட்டம். ‘வணக்கம்’ என்பது ஏழு கட்டம். ஏழு கட்டம், ஓர் இடைவெளி, பிறகு ஐந்து கட்டம் என்று தொடங்கினால் ‘வணக்கம் அக்கா’ என்று கொள்வேன். ‘அம்மா’வுக்கும் ஐந்துதான் என்பதால் அனுப்பியவரின் வயதை அதிலிருந்து ஊகிக்க முடியாது. ஏழு, இடைவெளி, மூன்று என்று வந்தால் ‘ஐயா’. அட்டையில் படம் இல்லாததால் என்னை ஆண் என்று எண்ணிவிட்டவர் அவர்.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். ரோமன் எழுத்தில் தமிழை அடித்து அனுப்புபவர்களின் செய்தி ஓர் எழுத்தும் சிதையாமல் வந்து சேர்கிறது. எழுத்தாளருக்கு எழுதுகிறோம், தமிழிலேயே எழுதுவோம் என்று மெனக்கெட்டு, றகர ரகரப் பயத்தையும் தாண்டி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தவருக்குத்தான் தண்டனை. தண்டனையில் பணமும் சேர்த்தி: ரோமன் எழுத்தென்றால் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம், தமிழென்றால் 70 மட்டுமே. ‘வணக்கம் அக்கா’வுக்கே பதின்மூன்று இடம் போய்விடும். மனம்விட்டு எழுதிய ஒருவரின் கடிதம் நான்கைந்து துண்டாக, சில வேளை மூன்றாவது துண்டு முதலில் வந்து, எல்லாம் கட்டங்களாக என் முன் நிற்கும்.

முதல் எட்டு மாதம் இப்படிப்பட்டவற்றை விளம்பரம் என்று எண்ணி அழித்துக்கொண்டிருந்தேன். பெட்டி நிறைந்துவிட்டால் புதிய செய்தி உள்ளே வராது என்பதால் அழித்தே ஆக வேண்டிய கட்டாயமும் இருந்தது. பிறகு ஒருநாள் கிள்ளானில் ஒரு திருமண விருந்தில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அப்பளத்தை உடைத்தபடியே மெதுவாகச் சொன்னார்: “நாவல படிச்சிட்டு ஒரு வாரமா யோசிச்சி உங்களுக்கு மெசேஜ் போட்டேன்க்கா. நீங்க பிசியா இருந்திருப்பீங்க.” என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். இப்போது சரியாக நினைவில்லை என்றார். சாம்பாரை என் பக்கம் நகர்த்தினார். அவர் தமிழில்தான் எழுதியிருக்க வேண்டும். அந்த எட்டு மாதத்தில் எத்தனை பேருடைய ஒரு வார யோசனையை அழித்தேன் என்பதற்கு எந்த 555 புத்தகத்திலும் கணக்கு இல்லை.

வழியைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். கட்டங்களாக நிற்கும் செய்தியை அப்படியே என் மற்றக் கைப்பேசிக்குத் திருப்பி அனுப்பினால், அங்கே அது முழுத் தமிழாகத் தெரிகிறது. இந்தக் கருவி எழுத்துகளைத் தொலைப்பதில்லை, உள்ளே பத்திரமாக வைத்திருக்கிறது, காட்டத்தான் தெரியவில்லை. எனவே இப்போதெல்லாம் இரவு உணவுக்குப் பிறகு இரண்டு கைப்பேசிகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதிலிருந்து அதற்கு ஒவ்வொன்றாக அனுப்புகிறேன். பத்து விநாடி கழித்து அங்கே வெளிச்சம் வந்து, கட்டங்கள் ஒரு மனிதரின் வாக்கியமாக மாறி நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் வாசகர் ஒருமுறை காசு கொடுத்து அனுப்பியதை நான் இன்னொருமுறை காசு கொடுத்து எனக்கே அனுப்பிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்கட்டண எண் என்பதால் கெடு நாளுக்குள் பணம் ஏற்றாவிட்டால் எண் கைவிட்டுப் போகும். பிறகு அது வேறொருவருக்கும் போகலாம். 500 பிரதிகளில் அச்சாகிவிட்ட எண் அது. ஒருமுறை கெடு முடிந்து நான்கு நாள் கழித்தே நினைவு வந்து, இரவு பத்தரை மணிக்குப் பக்கத்துக் கடைக்கு ஓடினேன். இப்போது குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் நாள்காட்டியில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு சிவப்பு வட்டம் உண்டு.

நண்பருக்கு என் பதில்: எண்ணை அச்சிடுங்கள், அதில் இரண்டாம் யோசனையே வேண்டாம். இந்தக் கைப்பேசியை வாங்காதீர்கள். 89 ரிங்கிட்டுக்கும் வேண்டாம், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். எந்தக் கைப்பேசியானாலும் கடையிலேயே நின்று, உங்கள் சொந்த எண்ணிலிருந்து தமிழில் ஒரு வரி அனுப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். அப்படியானால் நீங்கள் ஏன் 25 ரிங்கிட் கொடுத்து அதையே பழுதுபார்த்தீர்கள் என்று அவர் கேட்டார். சுங்கை சிப்புட் பாட்டியின் எண் இதில்தான் இருக்கிறது, அவர் இதில்தான் கூப்பிடுவார் என்று சொன்னேன். எண் சிம் அட்டையில் அல்லவா இருக்கிறது, எந்தக் கைப்பேசியில் போட்டாலும் வருமே என்றார். அவர் சொன்னது சரிதான்.

கடையிலிருந்து வந்து உயிர்ப்பித்ததும் மூன்று குறுஞ்செய்திகள் வந்தன. இரண்டு, பணம் ஏற்றச் சொல்லி. மூன்றாவது ஏழு கட்டம், இடைவெளி, ஐந்து கட்டம், ஒரு காற்புள்ளி, பிறகு இரண்டு வரி நிறையக் கட்டங்கள், கடைசியில் ஒரு கேள்விக்குறி. மற்றக் கைப்பேசி சார்ஜில் இருக்கிறது. அதை எடுத்து வருகிறேன்.